யாழ்ப்பாணமா, கொடிகாமமா, கிளிநொச்சியா: இருவருக்கும் இரண்டு ஊரில் வேலை, எங்கே குடியிருப்பது?

கரவெட்டிக்காரி

எங்களுக்குத் திருமணமாகி ஒரு வருடம் ஆகப்போகிறது. இன்னும் ஒரே வீட்டில் சேர்ந்து வாழத் தொடங்கவில்லை. நான் யாழ் போதனா வைத்தியசாலையில் தாதி உத்தியோகத்தர். கணவர் கிளிநொச்சி அறிவியல் நகரில், யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடத்தில் ஆய்வுகூடத் தொழில்நுட்ப உத்தியோகத்தர். வேலை நாட்களில் நான் நல்லூரில் ஒரு அறையில் இருக்கிறேன்; அவர் கிளிநொச்சியில் நண்பர்களோடு ஒரு வாடகை வீட்டில். சனி, ஞாயிறில் எனக்குப் பணி விழாவிட்டால் கரவெட்டியில் அம்மா வீட்டில் சந்திக்கிறோம். இதை இனி நீட்டுவதில்லை என்று இருவரும் முடிவெடுத்துவிட்டோம். எந்த ஊர் என்பதில்தான் பேச்சு முடியாமல் நிற்கிறது.

அம்மாவின் கணக்கு எளிமையானது. வீடு அக்காவுக்குச் சீதனமாக எழுதியாகிவிட்டது. அதே வளவின் பின்பக்கத்தில் எனக்கு இரண்டு பரப்புக் காணி தருகிறார் (பரப்பு என்பது எங்கள் பக்கத்துக் காணி அளவு). "அங்கே ஒரு சின்ன வீட்டைப் போடு, பிள்ளை பிறந்தால் நான் பார்க்கிறேன், வேறென்ன வேண்டும்" என்கிறார். அம்மா பிள்ளையைப் பார்ப்பார் என்ற அந்த ஒரு வாக்கு எனக்கு எவ்வளவு பெரியது என்பதை வேலைக்குப் போகும் பெண்கள் அறிவார்கள். ஆனால் என் பணி காலை 7 முதல் 1 வரை, 1 முதல் இரவு 7 வரை, இரவு 7 முதல் மறுநாள் காலை 7 வரை என்று சுழலும். பிற்பகல் பணி முடிந்து, நோயாளரை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு வெளியே வர ஏழரையாகும். அதற்குப் பிறகு 750 இலக்க பஸ்ஸைப் பிடித்து நெல்லியடியில் இறங்க வேண்டும். ஸ்கூட்டியில் போகலாம் என்றால் நடுவில் வல்லை வெளி என்ற வெட்டவெளி. மார்கழி இரவில் அங்கே வந்தவர்களுக்குத் தெரியும்: காற்று வண்டியை வீதியின் மறுகரைக்குத் தள்ளும், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஒரு வீடு இல்லை.

கணவர் வவுனியாக்காரர். நியாயமாகப் பங்கிட வேண்டும் என்பது அவர் குணம். "இடையில் இருக்கும் கொடிகாமத்தில் இருப்போம், இல்லாவிட்டால் பளையில். நீயும் பயணம் செய், நானும் பயணம் செய்கிறேன்" என்கிறார். கொடிகாமத்தில் புகையிரத நிலையம் இருக்கிறது, அவருடைய பெற்றோர் வவுனியாவில் ஏறி நேரே வந்து இறங்கலாம். வரணி ஊடாக எங்கள் பக்கத்துக்கும் வீதி உண்டு. பலாவும் மாவும் தென்னையும் நிற்கும் தென்மராட்சி வளவு ஒன்றில் வாழ வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை என்பதையும் சொல்ல வேண்டும்.

எனக்கு நகரத்தை ஒட்டிக் கொக்குவில், கோண்டாவில், திருநெல்வேலி என்று பார்த்தால் நிம்மதி. ஆனால் அப்படிச் செய்தால் அவர் தினமும் போக எழுபது கிலோமீற்றர், வர எழுபது கிலோமீற்றர். கிளிநொச்சிக்கு நான் இடமாற்றம் கேட்பது இன்னொரு வழி. அவருக்கு அதைக் கேட்கவே மனமில்லை. நான் வேலை பழகிய நோயாளர் விடுதியை விட்டு வர வேண்டும் என்று சொல்லத் தனக்கு உரிமை இல்லை என்கிறார்.

வாடகைக்கு மாதம் 35,000 ரூபாய் வரை கொடுக்கலாம். சில வருடங்களில் அரச ஊழியர் வீட்டுக்கடன் எடுத்துச் சொந்தமாகக் கட்ட எண்ணம். எது நல்ல ஊர் என்று நான் கேட்கவில்லை. இரண்டு திசையில் வேலை இருந்த நீங்கள் எதை வைத்து முடிவெடுத்தீர்கள், பிறகு எது முக்கியமாக இருந்தது என்று எழுதினால் பெரிய உதவி.


சந்தையடி

தங்கச்சி, யாழ் நகரத்தைச் சுற்றியே இருங்கள். நான் திருநெல்வேலியில் குடும்பத்தோடு இருக்கிறேன். சந்தை நடக்கும் தூரத்தில். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பத்து நிமிடத்தில் பெரியாஸ்பத்திரி. மழை பெய்தாலும் இரவு எட்டு மணிக்கு ஓட்டோ கிடைக்கும்.

பள்ளிக்கூடத்தையும் இப்போதே யோசியுங்கள். முதலாம் தரத்துக்கு விண்ணப்பிக்கும்போது பாடசாலைக்கு அருகில் வசிப்பவர் என்ற பிரிவில் வாக்காளர் இடாப்பில் உங்கள் பெயர் எத்தனை வருடமாக அந்த முகவரியில் இருக்கிறது என்பதற்குப் புள்ளி உண்டு. பிள்ளைக்கு ஐந்து வயதாகும்போது நகரத்துக்கு மாறினால் அந்தப் புள்ளி கையில் இராது. வாடகை வீட்டில் இருந்தாலும் கிராம அலுவலரிடம் பதிந்துகொள்ளுங்கள்.

வாடகை பற்றிச் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகத்தை ஒட்டிய ஒழுங்கைகளில் மாணவருக்கு அறை அறையாகக் கொடுத்தால் கூட வரும் என்பதால் குடும்பத்துக்கு முழு வீடு கிடைப்பது கடினம். உங்கள் தொகைக்கு மேல்மாடியோ, பெரிய வீட்டின் ஒரு பக்கமோதான் அமையும். சொந்தக்காரர் வெளிநாட்டில் இருந்தால் சாவி வைத்திருக்கும் உறவினரோடு வாய்ப்பேச்சில் முடிக்காதீர்கள். எழுத்தில் ஒப்பந்தம், முற்பணத்துக்குப் பற்றுச்சீட்டு இரண்டும் வேண்டும். வீட்டுக்காரர் ஆடியில் கோயில் திருவிழாவுக்கு வருகிறார், மூன்று மாதத்துக்கு வீட்டை விடுங்கள் என்று கேட்பது இங்கே வழக்கமாக நடக்கிறது.


இரவுப்பணி

தங்கச்சி, நானும் உங்கள் தொழில்தான், உங்களுக்கு மூத்தவள். இரண்டு பிள்ளைகளை இந்த ஏழு மணிச் சுழற்சியில்தான் வளர்த்தேன். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

உங்கள் கணவர் நல்ல மனிதர் என்று எழுத்திலேயே தெரிகிறது. ஆனால் தூரத்தைச் சரிபாதியாகப் பிரிப்பது நியாயம் என்று அவர் நினைப்பதை நான் ஏற்கவில்லை. நாற்பது கிலோமீற்றர் பகல் பயணமும் நாற்பது கிலோமீற்றர் இரவுப் பயணமும் சமமல்ல. அவர் காலையில் புறப்பட்டு மாலையில் திரும்புகிறவர். வழியில் பஸ் பழுதானால் இன்னொரு பஸ் வரும், பக்கத்தில் நாலு பேர் நிற்பார்கள். நீங்கள் இரவு ஏழரைக்குப் புறப்படுவீர்கள். இன்னொரு வாரம் இரவு முழுவதும் விழித்திருந்துவிட்டுக் காலை ஏழரைக்குக் கண் எரியப் புறப்படுவீர்கள். இரவுப் பணி முடிந்த காலையில் தூக்கக் கலக்கத்தோடு ஸ்கூட்டி ஓட்டி விழுந்தவர்களுக்கு நான் என் கையாலேயே மருந்து கட்டியிருக்கிறேன், அவர்களில் எங்கள் தாதிப் பிள்ளைகளும் இருந்தார்கள். பளையில் இருந்தால் இருவரும் ஒவ்வொரு நாளும் தூரத்தில் இருப்பீர்கள். பிள்ளைக்கு ஒன்று என்று பராமரிப்பு நிலையத்திலிருந்து அழைப்பு வந்தால் இருவரில் ஒருவரும் அரைமணி நேரத்தில் போய் நிற்க முடியாது. அதை எண்ணிப் பாருங்கள்.

ஆகவே இரவில் பயணம் செய்பவர் வேலையிடத்துக்கு அருகில் இருக்கட்டும். பகலில் பயணம் செய்பவர் நீண்ட தூரம் போகட்டும். அந்த நீண்ட தூரத்தை எப்படிக் குறைத்துக் கொடுக்கலாம் என்று அதற்குப் பிறகு பார்ப்போம்.

இங்கே சந்தையடி அண்ணா சொன்னதோடு நான் சற்று வேறுபடுகிறேன். கோண்டாவிலும் கொக்குவிலும் உங்களுக்கு வசதி, ஆனால் அவருக்கு நகரத்தின் தவறான பக்கம். காலையில் வீட்டிலிருந்து பஸ் நிலையத்துக்கு வந்து, கிளிநொச்சி பஸ் நிரம்பும்வரை இருந்து, பிறகு அரியாலை தாண்டும்போதே அவருடைய நாளில் ஒரு பகுதி போய்விடும். மாலையிலும் அதே கதை. கிளிநொச்சிக்குப் போகும் கண்டி வீதியை ஒட்டி அரியாலை, நாவற்குழி, கைதடி என்று பாருங்கள். வீட்டு ஒழுங்கை முகப்பில் நின்று கையைக் காட்டினால் கிளிநொச்சி பஸ், வவுனியா பஸ் எல்லாம் நிற்கும். அரியாலையிலிருந்து வைத்தியசாலை உங்களுக்குக் கிட்ட. கைதடி என்றால் பத்துக் கிலோமீற்றர் அளவு. கோப்பாய் பக்கமாக வர வேண்டுமானால் கோப்பாய்–கைதடி வீதியும் இருக்கிறது. நாவற்குழியில் புகையிரத நிலையம் உண்டு, மாமா மாமி வந்து இறங்கலாம்.

வீடு பார்க்கப் போகும்போது பகலில் போய்ப் பார்த்து முடிவு சொல்லாதீர்கள். பிற்பகல் பணி முடிந்த அதே நேரத்தில், அதே உடையோடு, தனியாக அந்த ஒழுங்கைக்குள் போங்கள். முகப்பிலிருந்து வீட்டுக்கு எத்தனை மின்விளக்கு எரிகிறது, எத்தனை நாய் துரத்துகிறது, எந்த வீட்டு வாசலில் ஆள் இருக்கிறது என்று பாருங்கள். அம்புலன்ஸ் உள்ளே வந்து திரும்புமா என்றும் பாருங்கள். எதிர்வீட்டு அம்மாவோடு பத்து நிமிடம் பேசினால் அந்த ஒழுங்கையின் முழுக் கதையும் தெரிந்துவிடும். இரவுப் பணிக்குப் பிறகு பகலில் தூங்க வேண்டிய ஆள் நீங்கள், அதனால் ஒலிபெருக்கி கட்டும் கோயிலுக்கும் மண்டபத்துக்கும் பக்கத்து மதிலாக வீடு எடுக்காதீர்கள்.

அம்மா விடயம். அவர் கரவெட்டியில் இருக்கட்டும், வளவை விட்டு வரச் சொல்லாதீர்கள். ஆனால் நீங்கள் எடுக்கும் வீட்டில் அவர் வந்தால் தங்கத் தனியாக ஒரு அறை இருக்கட்டும். பிள்ளை பிறந்து முதல் வருடம் அவர் மாதக்கணக்காக உங்களோடு இருப்பார். அதன்பிறகும் இரவுப் பணி வாரங்களில் வருவார். என் அம்மா தெல்லிப்பழையிலிருந்து அப்படித்தான் வந்து போனார், அவர் இல்லாவிட்டால் நான் வேலையை விட்டிருப்பேன்.


பழைய உறுதி

நான் காணி உறுதிகள் (பத்திரங்கள்) எழுதும் ஒரு நொத்தாரிசின் அலுவலகத்தில் எழுதுவினைஞராக வேலை செய்து ஓய்வுபெற்றவன். ஊர் எது என்று உங்கள் இருவருக்கும்தான் தெரியும். காணி பற்றி மட்டும் சொல்ல வேண்டியது இருக்கிறது, ஏனென்றால் இளம் குடும்பங்கள் சேமித்த பணத்தை முடக்கிவிட்டு வருடக்கணக்காக நீதிமன்றப் படியேறுவதைப் பார்த்து வேதனைப்பட்டவன் நான்.

முதலில் அம்மா தருகிற இரண்டு பரப்பு. நீங்கள் கரவெட்டியில் வீடு கட்டாவிட்டாலும் அதை வேண்டாம் என்று சொல்லாதீர்கள் பிள்ளை. ஆனால் "பின்பக்கத்தில் இரண்டு பரப்பு" என்ற வாய்ச்சொல் காணி ஆகாது. நில அளவையாளரைக் கொண்டு அளந்து, வரைபடம் கீறி, எல்லைகளைக் குறித்து, உங்கள் பெயரில் நன்கொடை உறுதி முடித்துக் காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும். வீடு முன்பக்கத்தில், உங்கள் துண்டு பின்பக்கத்தில். அப்படியானால் வீதிக்குப் போகும் பாதை யாருடைய காணிக்குள்ளால்? எத்தனை அடி அகலம்? கிணறு அக்காவின் பக்கத்தில் என்றால் உங்களுக்குக் கிணற்றிலும் வழிவாய்க்காலிலும் பங்கு உண்டு என்பது உறுதியில் எழுதப்பட வேண்டும். அக்காவுக்கு எழுதிய சீதன உறுதியை எடுத்து வாசியுங்கள். அம்மா முழு வளவையும் அதில் எழுதிக் கொடுத்திருந்தால் இன்று உங்களுக்குத் தர அவரிடம் ஒன்றும் இல்லை, அக்காதான் எழுதித் தர வேண்டும். இன்று அக்கா தங்கை அன்பாக இருக்கும்போது இதைச் செய்துகொள்வது எளிது. அடுத்த தலைமுறையில் மச்சான்மார் மதில் கட்டத் தொடங்கும்போது எளிதாக இராது.

அடுத்தது, நீங்கள் வாங்கப்போகும் காணி. பங்கு பிரிக்கப்படாத காணியில் ஒருவர் தன் பங்கை விற்றால், யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைப்படி மற்றப் பங்காளிகளுக்கும் விற்பவரின் உரிமைவாரிசுகளுக்கும் முதலில் வாங்கும் உரிமை உண்டு. 1947 ஆம் ஆண்டின் முற்கொள்வனவுக் கட்டளைச் சட்டம் இதைச் சொல்கிறது. பங்காளிகளுக்கு முறைப்படி அறிவித்தல் கொடுக்காமல் வாங்கினால் பிறகு கனடாவில் இருக்கும் ஒருவர் வழக்குப் போடலாம். மலிவாக வரும் பல காணிகள் இந்த வகைதான். விற்பவர் வெளிநாட்டில் இருந்து அற்றோணித் தத்துவத்தில் (தனக்குப் பதிலாகச் செயற்படக் கொடுக்கும் அதிகாரப் பத்திரத்தில்) இங்கே ஒருவர் கையெழுத்திடுவதாக இருந்தால், அந்தத் தத்துவம் பதியப்பட்டதா, இன்னும் செல்லுபடியாகிறதா, விற்கும் அதிகாரம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். தத்துவம் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்பதையும் விசாரியுங்கள்.

கடலேரிப் பக்கமாக அரியாலை, நாவற்குழி என்று போகும்போது வயல் நிலத்தில் மண் போட்டுத் துண்டு துண்டாக விற்பார்கள். வயலை நிரப்பக் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாத இடத்தில் கட்டட வரைபடத்துக்குப் பிரதேச சபையில் அனுமதி கிடைக்காமல் நிற்பீர்கள்.

இன்னொன்று. திருமணத்துக்குப் பிறகு இருவரின் உழைப்பில் வாங்குவது தேசவழமையில் தேடியதேட்டம் எனப்படும், அதில் இருவருக்கும் பங்கு உண்டு. அம்மா தருவது உங்களுடைய தனிச் சொத்து. ஆனாலும் தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் காணியை விற்பதென்றால் கணவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். உங்கள் கணவர் வவுனியாவைச் சேர்ந்தவர் என்பதால் உங்கள் திருமணத்துக்கு இவை எப்படிப் பொருந்தும் என்று ஒரு சட்டத்தரணியிடம் இருவரும் சேர்ந்தே போய்க் கேளுங்கள். ஒருவர் மட்டும் போய்க் கேட்டு வந்து மற்றவருக்குச் சொன்னால் வீணான சந்தேகம் வரும்.


இரணைமடு

அக்கா, கிளிநொச்சியை யாரும் பேசவில்லை, அதனால் நான் பேசுகிறேன். நாங்கள் இருவரும் யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்து, வேலைக்காக வந்து, இங்கேயே இருக்க முடிவெடுத்தவர்கள்.

இங்கே இடம் இருக்கிறது. வளவு என்றால் வளவு. பக்கத்து வீட்டுச் சுவர் சமையலறை யன்னலுக்கு முன்னால் நிற்காது. கண்டி வீதியில் நகரம் நீண்டு கிடப்பதால் வங்கி, கச்சேரி (மாவட்டச் செயலகம்), கடை, மாவட்டப் பொது வைத்தியசாலை எல்லாம் அந்த ஒரு வீதியில் முடிந்துவிடும். மாலையில் இரணைமடுக் குளத்து அணைக்கட்டுக்குப் போய் நிற்கும்போது வரும் காற்றுக்காகவே நான் இங்கே இருப்பேன். உங்கள் கணவர் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்து போகலாம். நாளுக்கு நாலு மணி நேரத்தை பஸ்ஸில் கழிக்கும் ஒருவர் வீட்டில் எப்படி இருப்பார் என்று யோசித்துப் பாருங்கள் அக்கா. இரவுப்பணி அக்கா சொன்னது எல்லாம் சரி, ஆனால் அவருடைய களைப்பும் அந்த வீட்டுக்குள்தான் வரும்.

காணி வாங்குவதென்றால் மட்டும் கவனம். இந்த மாவட்டத்தில் பெரும்பகுதி குடியேற்றத் திட்டங்களில் கொடுக்கப்பட்ட அரச காணி. பெர்மிட் காணியை உறுதிக் காணி போல விலை பேசி விற்க முடியாது, பிரதேச செயலகத்தின் அனுமதி இல்லாமல் கைமாறினால் அது சட்டத்தில் நிற்காது. எனக்கே விலை குறைவாக ஒரு காணி காட்டினார்கள். பிரதேச செயலகத்தில் காணிப் பிரிவில் கேட்டதும் அது வேறொருவர் பெயரில் இருப்பது தெரிந்தது. உறுதிக் காணி நகரத்தை ஒட்டிக் கொஞ்சம் உண்டு, விலை அதற்கேற்ப இருக்கும்.

குறை என்று சொன்னால் சிறப்பு மருத்துவத்துக்கு இன்னும் யாழ்ப்பாணமோ அனுராதபுரமோ போக வேண்டியிருக்கிறது. அதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள்.


செம்பாடு

எல்லாரும் வீதியைப் பேசிவிட்டீர்கள், நான் தண்ணீரைப் பேசுகிறேன். விவசாயம் படித்து அந்தத் துறையிலேயே வேலை செய்கிறேன். பிள்ளை பெற நினைக்கும் ஒரு குடும்பம் யாழ் குடாநாட்டில் வீடு எடுக்கும்போது கிணற்றைப் பார்க்காமல் சாவி வாங்கக்கூடாது.

எங்களுக்கு வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி நிற்பதுதான் வருடம் முழுவதும் குடிக்கும் தண்ணீர். அந்தக் கல்லில் வெடிப்பும் பொந்தும் நிறைய. மேலே போடுவதெல்லாம் வேகமாகக் கீழே போய்ச் சேரும். கோண்டாவில், உரும்பிராய், புன்னாலைக்கட்டுவன், சுன்னாகம் பக்கத்துச் செம்மண் தோட்டங்களில் வெங்காயத்துக்கும் மரக்கறிக்கும் போடும் யூரியா, வீடுகளின் மலக்குழி, இரண்டும் சேர்ந்து கிணற்றில் நைத்திரேற்றாக வரும். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேல் போன தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோகும் திறன் குறையும். கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடும். நிறமும் இல்லை, மணமும் இல்லை, அதனால் கிணற்றை எட்டிப் பார்த்துச் சொல்ல முடியாது. தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையில் மாதிரி கொடுத்துப் பரிசோதிக்கலாம். சுன்னாகத்தைச் சுற்றி ஒரு காலத்தில் கிணறுகளில் கழிவெண்ணெய் வந்து, ஊரே தெருவில் இறங்கியதை எல்லாரும் அறிவீர்கள். அந்தப் பக்கம் வீடு எடுத்தால் எண்ணெய்க்கும் சேர்த்துப் பரிசோதியுங்கள்.

இரவுப்பணி அக்கா காட்டிய கண்டி வீதிப் பக்கத்தில் பிரச்சினை வேறு. அரியாலையின் தெற்குப் பக்கம், நாவற்குழி, கைதடியின் சில பகுதிகள் கடலேரியை ஒட்டியவை. நல்ல தண்ணீர் மேலே மெல்லிய படையாக நிற்கிறது, அதற்குக் கீழே உவர். மோட்டாரை நீண்ட நேரம் ஓடவிட்டால் உவர் மேலே ஏறும். மாசியில் வந்து பார்ப்பவருக்கு அது நல்ல கிணறாகத் தெரியும். அதே கிணற்றை ஆவணி, புரட்டாதியில் வாயில் விட்டுப் பாருங்கள். பிறகு அதே வளவைக் கார்த்திகையில் போய்ப் பாருங்கள். 2024 நவம்பர் மழையில் எந்த எந்த ஒழுங்கைக்குள் முழங்கால் அளவு நின்றது என்று அயலவரைக் கேட்டால் சொல்வார்கள், மதிலில் கறை இருந்தால் அதுவும் சொல்லும்.

குழாய்த் தண்ணீர் வருகிறதா என்று கேளுங்கள். வடமராட்சி கிழக்கில் தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறந்தார்கள், நாளுக்கு 24,000 கன மீற்றர் கொள்ளளவு. வீதியில் குழாய் போவது ஒன்று, வீட்டுக்கு இணைப்பு இருப்பது இன்னொன்று. மீற்றரைக் கண்ணால் பார்த்தபின் நம்புங்கள்.

என் எண்ணம்: எந்த ஊரானாலும் ஒரு கோடையும் ஒரு மாரியும் வாடகைக்கு இருந்துவிட்டு அதன்பின் காணி பாருங்கள்.


கரவெட்டிக்காரி

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. இருவரும் இந்தப் பதில்களை ஒன்றாக இருந்து வாசித்தோம். இரவுப்பணி அக்கா, நீங்கள் எழுதிய பகுதியை அவர் திரும்பவும் வாசித்துவிட்டு, "நான் கிலோமீற்றரை மட்டும்தான் எண்ணினேன்" என்றார். கொடிகாமம் பற்றிய பேச்சை அவரே நிறுத்திவிட்டார். ஆனால் இரணைமடுத் தம்பி சொன்னது என் மனதில் தைத்திருக்கிறது. நாளுக்கு நாலு மணி நேரம் என்பது சின்ன விடயமல்ல. அதனால் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே திருநெல்வேலி வளாகத்துக்கு மாற வழி இருக்கிறதா என்று அவர் விசாரிக்கப் போகிறார். அது நடக்காவிட்டால் வருடம் முடிந்ததும் நான் கிளிநொச்சிக்கு இடமாற்றம் கேட்பது பற்றி மறுபடி பேசுவது என்றும், அதைப் பேச அவர் தயங்கக்கூடாது என்றும் சொல்லியிருக்கிறேன்.

பழைய உறுதி ஐயா, அக்காவின் சீதன உறுதியை எடுத்து வாசித்தோம். முழு வளவும் அதில்தான் இருக்கிறது. அம்மாவுக்கே அது நினைவில்லை. அக்கா ஒரு சொல் மறுக்காமல் "அளவையாளரைக் கூப்பிடு, நான் எழுதித் தருகிறேன்" என்றாள். பாதைக்கும் கிணற்றுக்கும் நீங்கள் சொன்னபடியே எழுதச் சொல்கிறோம்.

இப்போது கைதடியில் ஒரு வீடு பார்த்திருக்கிறோம். கண்டி வீதியிலிருந்து நடந்து போகும் தூரம், அம்மாவுக்கும் ஒரு அறை உண்டு, குழாய் இணைப்பு இல்லை. பிற்பகல் பணி முடிந்து இரவில் தனியாகப் போய் வந்தேன். ஒழுங்கை முகப்புக் கடை ஒன்பது மணி வரை திறந்திருக்கிறது, எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார், விளக்குகள் எரிகின்றன. கிணற்றுத் தண்ணீர் வாய்க்கு உவராகத் தெரியவில்லை, மாதிரி கொடுத்திருக்கிறோம். வெள்ளம் பற்றி ஆசிரியர் தன் வாசற்படிவரை வந்தது என்றார், வீட்டுக்காரர் வரவேயில்லை என்கிறார். அந்தப் பக்கத்தில் 2024 மழைக்கு இருந்தவர்கள் யாராவது இருந்தால், பிரதான வீதிக்கு வடக்கே தண்ணீர் எத்தனை நாள் நின்றது, மலக்குழி நிரம்பிக் கிணற்றுக்குள் போனதா என்று எழுதுங்கள். ஐப்பசிக்கு முன் சாமான்களை ஏற்ற வேண்டும், முற்பணம் இன்னும் கொடுக்கவில்லை.